உப்பு வியாபாரி எம்.எல்.ஏ. ஆனால்: மரக்காணத்தில் கேட்ட ஒரு கேள்வி

இந்தக் குறிப்பை எழுதணும்னு நினைச்சு ரொம்ப நாளாச்சு. மரக்காணம் உப்பளத்தில் ஒரு அக்கா கேட்ட கேள்விக்கு அன்னைக்கு என்னால் பதில் சொல்ல முடியலை. அதான் தள்ளிப் போய்க்கிட்டே இருந்தது.

பக்கிங்காம் கால்வாய் பற்றி ஏதாவது தேறுமான்னு பார்க்கத்தான் அங்கே போயிருந்தேன். ஆந்திரத்திலிருந்து சென்னை வழியா இறங்கி வரும் அந்தக் கால்வாய் மரக்காணத்துக்குப் பக்கத்தில்தான் முடிகிறது. ஒரு காலத்தில் இந்தக் கரையின் உப்பு படகில் ஏறிச் சென்னைக்குப் போனது இதன் வழியாகத்தான். கால்வாயில் பார்க்க பெரிசா ஒண்ணும் மிச்சமில்லை. உப்பளத்துப் பக்கம் நடந்தேன். பாத்தியில் ஆண்கள் உப்பை வாரி வரப்பில் குவிக்க, பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் நிழலில் உட்கார்ந்தபோது பேச்சு எங்கெங்கோ போய்த் தேர்தலில் நின்றது. அப்பதான் அந்த அக்கா கேட்டாங்க: "ஏன் தம்பி, உப்பு யாவாரம் பண்றவரே எம்எல்ஏவா வந்தா எங்களுக்கு நல்லதா, கெட்டதா? எங்க கஷ்டம் தெரிஞ்சவருன்னு சொல்லுவாங்க. ஆனா எங்களுக்குக் கூலி குடுக்குறவரும் அவருதானே?"

ரெண்டு வாக்கியம்தான். ஆனா சின்னத் தொழில் நடத்திக்கொண்டே சட்டமன்றத்துக்குப் போகிறவர்களைப் பற்றி நாம் எழுதிவைத்திருக்கும் வாழ்க்கைக் குறிப்புகளில் பெரும்பாலானவை இந்த ரெண்டாவது வாக்கியத்தைத் தொடுவதே இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதல்ல அந்தக் குறிப்புகளின் அமைப்பைப் பாருங்க. சட்டமன்ற உறுப்பினர்களைப் பற்றி வரும் கையேடுகளில் பிறந்த ஊர், படிப்பு, கட்சி, தொகுதி எல்லாம் இருக்கும். நடுவில் ஒரு வரி: "தொழில்: விவசாயம், வியாபாரம்." அவ்வளவுதான். என்ன வியாபாரம்? யாரிடம் வாங்கி யாரிடம் விற்கிறார்? நிலம் சொந்தமா, அரசு குத்தகையா? எத்தனை பேருக்குக் கூலி கொடுக்கிறார்? ஒருவருடைய வாழ்நாளில் பெரும்பகுதி இந்த ஒரு வரிக்குள் மடிந்துவிடும். பிறகு நினைவு மலர் வரும்போது அந்த ஒரு வரியும் காணாமல் போய்விடும்.

இதுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு வேணும்னு தேடியபோது, இதே கடற்கரையில் தெற்கே இருக்கும் இன்னொரு உப்பு ஊர்தான் நினைவுக்கு வந்தது. வேதாரண்யம். ஆள், சர்தார் அ. வேதரத்தினம்.

அவரை நமக்கு எப்படித் தெரியும்? 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து கிளம்பி, தஞ்சை மாவட்டம் வழியே நடந்து, 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி உப்பு அள்ளி ராஜாஜி கைதானார். ஆறு மாதச் சிறை. வழியில் தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். அப்படியிருந்தும் அவர்கள் ஊர் வந்து சேர்ந்தபோது தங்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்து, போராட்டத்தை உள்ளூரில் தாங்கியவர் வேதரத்தினம். அவரும் சிறை போனார். "சர்தார்" என்ற பட்டம் அந்தப் போராட்டத்தால் வந்தது. 1946இல் வேதாரண்யத்தில் பெண் குழந்தைகளுக்காகக் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கினார். அது இன்றும் இருக்கிறது. 1961இல் இறந்தார். 1998இல் அஞ்சல்தலை வந்தது.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த வேதரத்தினம். ஆனா அவர் ஒரு உப்பு வணிகர். அதோடு, 1957 தேர்தலில் திருத்துறைப்பூண்டித் தொகுதியிலிருந்து காங்கிரஸ் சார்பில் சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனவர். அதாவது அக்கா கேட்ட அதே ஆள்: உப்பு யாவாரம் பண்ணி எம்எல்ஏ ஆனவர். அவரைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் இந்த ரெண்டு விஷயமும் அடைமொழி மாதிரி வந்து போகும். ரெண்டையும் சேர்த்து வைத்து ஒரு கேள்வி கேட்டவர்களை நான் பார்த்ததில்லை.

கேட்டுப் பார்ப்போம். 1930இல் உப்புத் தொழில் எப்படி இருந்தது? சென்னை மாகாணத்தில் 1805லிருந்தே உப்பு அரசின் பிடியில். உரிமம் இல்லாமல் காய்ச்சக் கூடாது, அள்ளக் கூடாது, விற்கக் கூடாது. கழிமுகத்தில் தானாக விளைந்து கிடக்கும் உப்பைக்கூடக் காவல் போட்டு அழிப்பார்கள். இந்த ஏற்பாட்டில் வரி கட்டி நொந்தது சாப்பிடுகிறவன். உரிமத்துக்குள் நின்று தொழில் செய்பவருக்கோ இதே உரிமம் ஒரு வேலி. யார் வேண்டுமானாலும் அள்ளலாம் என்று ஆகிவிட்டால் உப்பின் விலை என்ன ஆகும்? வேலி போனால் முதல் அடி படுவது உள்ளே இருந்தவருக்குத்தான். உப்பு வணிகர் ஒருவர் உப்புச் சட்டத்தை உடைக்க வந்தவர்களுக்குப் பந்தல் போடுகிறார் என்றால், தன் கடையின் வேலியைத் தானே பிடுங்குகிறார் என்று அர்த்தம்.

நினைவு மலர்கள் விட்டுவிடும் இடம் இது. தியாகம் என்ற ஒரே சொல்லில் சிறை, அடி, பட்டம் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம். அவருடைய கணக்குப் புத்தகம் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. வணிகர் என்பதை மறைத்துவிட்டுத் தியாகியை மட்டும் காட்டும்போது அவருடைய செயலின் பாதி எடை குறைந்துவிடுகிறது. அகஸ்தியம்பள்ளியில் நினைவுத் தூண் இருக்கிறது. அங்கே நின்று பார்ப்பவருக்குப் போராட்டம் தெரியும், தொழில் தெரியாது.

இது அவருக்குச் செய்யும் அநியாயம் என்று மட்டும் நான் சொல்லவில்லை. நமக்கும் நஷ்டம். தொழிலும் பொறுப்பும் மோதும்போது ஒருவர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் கையில் இருந்தது. அதை மாலை போட்டு மூடிவிட்டோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வேதரத்தினம் சட்டமன்றத்துக்குள் போன 1957இல் உப்பு அந்த மன்றத்தின் கையில் இல்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தில் ஏழாவது அட்டவணை, ஒன்றியப் பட்டியல், 58ஆம் பதிவு: உப்பு உற்பத்தி, வழங்கல், விநியோகம், அதை ஒழுங்குபடுத்துவது எல்லாம் ஒன்றியத்துக்கு. வெள்ளைக்காரன் விட்டுப்போன பிடி டெல்லிக்கு மாறியது. 1953இல் நாடாளுமன்றம் உப்புத் தீர்வைச் சட்டம் போட்டது. உப்புக்காகச் சிறைக்குப் போனவர் உப்பைப் பற்றிச் சட்டம் செய்ய முடியாத சபையில் உட்கார்ந்தார்.

மரக்காணத்துக்கும் இதேதான். அங்கே உப்பளம் என்பது நேற்று வந்த தொழில் இல்லை. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஊரிலுள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்றைக்கு இங்குள்ள உப்பளத்தில் பெரும்பகுதி ஒன்றிய அரசின் நிலம், குத்தகையில் ஓடுகிறது. ஆக இந்தக் கரையின் சட்டமன்ற உறுப்பினரால் உப்பைப் பற்றிச் சட்டம் போட முடியாது, உப்பு நிலத்தைக் குத்தகைக்கு விடும் அதிகாரமும் அவருடைய அரசின் கையில் இல்லை.

அப்போ அவர் உப்பு வியாபாரியாக இருந்தால்தான் என்ன, இல்லாவிட்டால்தான் என்ன? இங்கேதான் நான் முதலில் தப்பாக யோசித்தேன். சட்டப் புத்தகம் சொல்லும் இடத்தில் மட்டும் தேடினேன்.

சட்டம் எங்கே பார்க்கச் சொல்கிறது? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 9அ. தன் தொழில் வழியாக உரிய அரசோடு ஒப்பந்தம் செய்து அரசுக்குப் பொருள் வழங்கினாலோ, அரசு எடுத்து நடத்தும் வேலையைச் செய்து கொடுத்தாலோ, அந்த ஒப்பந்தம் இருக்கும்வரை அவர் தகுதியிழப்பார். "உரிய அரசு" என்றால் சட்டமன்றத்துக்கு மாநில அரசு, நாடாளுமன்றத்துக்கு ஒன்றிய அரசு.

இதை மரக்காணத்து உப்பளக் குத்தகைதாரர் ஒருவர் மேல் வைத்துப் பார்க்கலாம். கற்பனை ஆள்தான். ஒன்றிய அரசின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்கிறார். அவருடைய குத்தகை மாநில அரசோடு இல்லை. குத்தகை என்பது அரசுக்குப் பொருள் வழங்குவதும் இல்லை, அரசு வேலையைச் செய்வதும் இல்லை. 9அ அவரைத் தொடவே தொடாது.

குத்தகை கொடுத்தது மாநில அரசாகவே இருந்தாலும் கதை பெரிசா மாறாது. அரியானாவில் கர்தார் சிங் பதானா வழக்கில் மாநில அரசின் சுரங்கக் குத்தகை பிரச்சினையானது. 2001இல் உச்ச நீதிமன்றம், சுரங்கக் குத்தகை என்பது அரசு எடுத்து நடத்தும் வேலைக்கான ஒப்பந்தம் ஆகாது என்று சொல்லிவிட்டது. 2022இல் சார்க்கண்ட் முதலமைச்சர் ஏமந்த் சோரன் பெயரில் இருந்த கல்குவாரிக் குத்தகை பெரிய சர்ச்சையானது. வெறும் 0.88 ஏக்கர். சின்ன நிலம், ஆனா அவர் முதலமைச்சர், சுரங்கத் துறையும் அவர் கையில். தேர்தல் ஆணையம் கருத்துச் சொல்லி ஆளுநருக்கு அனுப்பியது, அது வெளியாகவில்லை. மாதக்கணக்கில் ஊரெல்லாம் ஊகம்தான்.

இந்த வழக்குகளைப் படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. சட்டம் ஒரே ஒரு உறவைத்தான் சந்தேகப்படுகிறது: தொழிலுக்கும் அரசுக்கும் நடுவில் இருக்கும் ஒப்பந்தம். அரசுக் கஜானாவிலிருந்து உறுப்பினர் பைக்குப் பணம் போகிறதா என்பதுதான் அதன் கேள்வி. அக்கா கேட்டது அது இல்லை. "எங்களுக்குக் கூலி குடுக்குறவரும் அவருதானே?" என்றாங்க. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவில் இருக்கும் கணக்கு அது. அங்கே சட்டத்துக்குக் கண்ணே இல்லை.

ஆனா மாநிலத்துக்கு உண்மையான அதிகாரம் இருப்பது அந்த இடத்தில்தான்! உப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கலாம். உழைப்பு பொதுப்பட்டியலில் இருக்கிறது. உப்பளத் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலியை அறிவிப்பது மாநில அரசு. உப்பளத்துக்குப் போகும் சாலை, குடிநீர், ஆரம்ப சுகாதார நிலையம், நலவாரியம் எல்லாம் மாநிலம். கூலி உயர்வு பற்றிச் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்ப வேண்டியவர் அந்தக் கரையின் உறுப்பினர். அவரே பாத்தி வைத்திருந்தால், எழுப்பாமல் விடுவதில் அவருக்கு லாபம். வாய் திறக்காமல் இருப்பதற்கு எந்த ஒப்பந்தமும் தேவையில்லை, எந்தக் கோப்பிலும் பதிவாகாது. கேட்காத கேள்வியை வைத்து யாரையும் தகுதிநீக்கம் செய்ய முடியாது.

இன்னொரு வகைப் பயணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1928இல் பொருள்களை வாங்கி விநியோகிக்கும் ஏஜென்சித் தொழிலைத் தொடங்கினார். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாகப் போனார். அப்புறம் அரசியல் நிர்ணய சபை, ஒன்றிய அமைச்சர், நிதியமைச்சர். முந்த்ரா விவகாரத்தில் 1958இல் ஒருமுறை விலகினார். அதில் பேச்சு ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் முதலீடு பற்றி. திரும்பி வந்து மறுபடி நிதியமைச்சரானார். 1965 முடிவில் ரெண்டாம் முறை விலகியபோது பேச்சு வேறு: மகன்களின் தொழில் நிறுவனங்கள். குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பதற்குள் நான் போகவில்லை. கவனிக்க வேண்டியது காலம். தொழில் தொடங்கி 37 வருஷம், சட்டமன்றம் போய் 28 வருஷம் கழித்துத்தான் "கடை ஒரு பக்கம், பதவி ஒரு பக்கம், நடுவில் என்ன?" என்ற கேள்வி அவரை வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு எழுந்தது. அதுவும் அவர் நாட்டின் நிதியமைச்சர் என்பதால். ஒரு கடலோரத் தொகுதி உறுப்பினரிடம் அதை யார் கேட்கப் போகிறார்கள்?

இதுக்கு ஒரு எதிர்வாதம் உண்டு, நியாயமானதும்கூட. தொழில் இல்லாதவர் அரசியலுக்கு வந்தால் அரசியலையே தொழிலாக்கிக்கொள்வார். சொந்தக் கடை உள்ளவருக்குப் பதவி போனாலும் சோறு உண்டு, அதனால் கட்சித் தலைமையிடம் கொஞ்சமாவது நிமிர்ந்து பேசுவார். உப்பைப் பற்றி உப்பு வியாபாரிக்குத்தான் தெரியும். கடல்நீர் மூணு, மூணரை பாகை போமேயில் இருந்து இருபத்தைந்துக்கு ஏறும்வரை எத்தனை பாத்தி மாற வேண்டும், இருபத்தொன்பதைத் தாண்டவிட்டால் உப்பில் எப்படிக் கசப்பேறும், அறுவடைக்கு முந்தின ராத்திரி ஒரு மழை விழுந்தால் எத்தனை நாள் உழைப்பு கரையும், இதெல்லாம் சபையில் வேறு யாருக்குத் தெரியும்?

ஒத்துக்கொள்கிறேன். மருத்துவர் சுகாதாரம் பேசட்டும், உப்புக்காரர் உப்பு பேசட்டும். ஆனா அந்த அறிவின் இன்னொரு முனையில் என்ன கட்டியிருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியணும். "நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன், எனக்கு இவ்வளவு ஏக்கர், இத்தனை ஆள்" என்று சொல்லிவிட்டுப் பேசினால் அது அனுபவம். சொல்லாமல் பேசினால் அதே வார்த்தைகள் வேறு ஆகிவிடும்.

அதைச் சொல்லவைக்க ஏற்பாடு இல்லையா? ஓரளவு இருக்கிறது. வேட்புமனுவோடு தரும் படிவம் 26. சொத்து, கடன், வழக்கு, வருமான வரி விவரம் எல்லாம் உறுதிமொழியாகத் தர வேண்டும். 2018இல் லோக் பிரகரி வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு வருமானம் வரும் வழி, அரசோடு உள்ள ஒப்பந்தங்கள் ஆகியவையும் சேர்ந்தன. நல்ல முன்னேற்றம்தான். ஆனா அது தேர்தல் நேரத்துப் படம். வேட்புமனுவில் மாட்டிவிட்டு ஐந்து வருஷம் திருப்பிப் பார்ப்பதில்லை. அதுவும் மறுபடி அரசோடு உள்ள உறவைத்தான் கேட்கிறது. எத்தனை பேருக்கு என்ன கூலி கொடுக்கிறீர்கள் என்று கேட்பதில்லை.

வேறு இடங்களில் உறுப்பினர் நலன் பதிவேடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பிரிட்டன் மக்களவை 1974இல் அதற்கான தீர்மானம் போட்டது. நம் மாநிலங்களவையிலும் உண்டு: நிர்வாகப் பதவி, பங்கு, ஊதியம் பெறும் ஆலோசனை என்று தலைப்பு வாரியாக உறுப்பினர் எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு சட்டமன்றத்திலும் அப்படி ஒன்று இருந்து, வருஷா வருஷம் புதுப்பித்து, தமிழில், யாரும் பார்க்கும்படி வைக்கவேண்டும் என்பது என் கோரிக்கை. கூடவே ஒரு கலம் சேர்க்கணும்: "தொழிலாளர் எண்ணிக்கை, கொடுக்கும் கூலி." உப்பளம், செங்கல் சூளை, படகு, பட்டாசு, எந்தத் தொழிலாக இருந்தாலும் சரி. "தொழில்: வியாபாரம்" என்ற ஒரு வரி அப்போதான் ஒரு பக்கமாக விரியும்.

வேதரத்தினத்தை அளவுகோலாக வைக்க எனக்குத் தயக்கமும் இருக்கிறது. தன் வேலியைத் தானே பிடுங்கும் வணிகர் தலைமுறைக்கு ஒருவர் வந்தால் அதிகம். அப்படி ஒருவர் வருவார் என்று நம்பி ஏற்பாடு செய்ய முடியாது. சாதாரணமான, கொஞ்சம் நல்ல, கொஞ்சம் பயந்த, கடனும் குடும்பமும் உள்ள ஒரு உப்பு வியாபாரி சபைக்குப் போனாலும் தொழிலாளிக்குக் கெடுதல் வராத மாதிரிதான் விதி இருக்க வேண்டும். தியாகிகளைப் பற்றி மட்டும் எழுதி எழுதி, சாதாரணமானவர்களை எப்படிக் கேள்வி கேட்பது என்பதை நாம் கற்றுக்கொள்ளாமல் விட்டுவிட்டோம்.

ஒரு நல்ல செய்தியோடு முடிக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் உப்பளம் படுத்துவிடும். வேலை கிடையாது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தை மாநில அரசு 2022இல் தொடங்கியது. மூணு மாசத்துக்கு ஐயாயிரம் போதுமான்னு கேட்டால், போதாதுதான். ஆனா உப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கும்போதே மாநிலத்தால் இதைச் செய்ய முடிந்தது. உப்பைத் தொடாமல் உப்பளத்து ஆளைத் தொட்டது. சட்டமன்றத்தால் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

அக்காவுக்கு அன்னைக்குச் சொல்லாத பதிலை இப்படித்தான் சொல்லுவேன். உப்பு யாவாரம் பண்றவர் எம்எல்ஏவா வரலாம்கா. வரட்டும். ஓட்டு கேட்டு வரும்போது "எங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்காதீங்க, தெரியும்னுதான் சொல்லுவார். "போன வருஷம் உங்க பாத்தியில தலைக்கூடைக்கு என்ன கூலி குடுத்தீங்க, சபையில அதைப் பத்தி என்ன பேசுவீங்க?"ன்னு கேளுங்க. அதற்கு அவர் சொல்லும் பதிலை எழுதி வைக்க ஒரு இடம் வேண்டும். அந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.